இரண்டு துவக்கும் ஒரு நகப்பூச்சுக் கோடும்

இந்த முறை கொழும்பில் நடந்த போட்டிக்கு பத்து மீற்றர் எயார் ரைபிள், எயார் பிஸ்டல் இரண்டுக்கும் பெயர் கொடுத்தேன். கொடுத்த அன்று அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. ரைபிளில் மூன்று வருடப் பழக்கம், பிஸ்டலில் ஒரு வருடம். ஆனால் அதுவரைக்கும் நான், பயிற்சி தருகிற சேர் சரிபார்த்து வைத்த துவக்கை எடுத்துச் சுட்டுவிட்டு, திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள். பெயர் கொடுத்த அதே கிழமை சேருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. ஆறு கிழமைக்கு வரமாட்டார். "இரண்டையும் நீயே பூட்டிச் சரிபார் பிள்ளை, செய்யிறது எல்லாத்தையும் கொப்பியில எழுது, விளங்காட்டிப் போன் எடு" என்றார். அந்த ஆறு கிழமையில் பாதியை நான் எப்படி வீணாக்கினேன் என்பதுதான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். துவக்கு இரண்டும் கழகத்தினுடையவை, பத்திரமும் அவர்கள் பெயரில், பூட்டும் திறப்பும் அவர்களிடம். நான் வங்கி வேலை முடிந்து ஐந்தரைக்குப் போனால் பொறுப்பாளர் பெட்டியைத் திறந்து தருவார், ஏழரைக்குத் திரும்ப எண்ணி எடுப்பார். திருகோணமலையில் வளர்ந்த ஒருத்திக்கு இந்த ஒழுங்கு எவ்வளவு ஆறுதல் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. அம்மாவுக்கு இன்றைக்கும் அந்த நீளப் பெட்டியைக் கண்டால் முகம் மாறும். "இந்த ஊரில துவக்குக் கண்டது காணாதோ உனக்கு" என்று ஒருமுறை கேட்டார், பிறகு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மாமா வேறு மாதிரி. எங்கள் ஊர்க் கோட்டைக்குள் மான்கள் திரியும், "கோட்டை மானுக்கோ குறி வைக்கிறாய்?" என்று ஒவ்வொரு முறையும் ஒரே பகிடி.

முதல் வேலை அறை. பழைய களஞ்சியம் ஒன்றில்தான் சுடுகிறோம். சுடும் கோட்டிலிருந்து இலக்கின் முகம் வரைக்கும் சரியாக 10 மீற்றர், நிலத்திலிருந்து இலக்கின் நடு 1.4 மீற்றர். அளந்து பார்த்தால் எங்கள் இலக்கு ஒன்பது சென்ரிமீற்றர் பதிவாக இருந்தது, எவ்வளவு காலமாக என்று தெரியாது. ஒன்பது சென்ரிமீற்றர்தானே என்று விடக்கூடாது, நின்று சுடும்போது உடம்பு அந்த உயரத்துக்குப் பழகிவிடும், கொழும்பில் போய் நின்றால் தோள் அந்நியமாகிவிடும். ஆணியைக் கழற்றி உயர்த்தினோம்.

அடுத்தது காற்று. இந்தத் துவக்குகளில் வெடிமருந்து கிடையாது, குழலுக்குக் கீழே இருக்கிற சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று, ஒவ்வொரு சூட்டுக்கும் அதில் ஒரு துளி. எங்களுக்கு ஒரு வசதி என்னவென்றால் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுழியோடுகிற கடைகள் இருக்கின்றன, அவர்களிடம் 200 பார் ரேங்கி எப்போதும் இருக்கும். ஒரு ரேங்கியை வாடகைக்கு எடுத்து, நடுவில் ஒரு அடப்டரைப் பூட்டி, வால்வை மெல்ல மெல்லத் திறந்தால் சிலிண்டர் நிறையும். அவசரப்பட்டுத் திறந்தால் சிலிண்டர் சூடாகும், முள் 200 காட்டும், அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 185இல் நிற்கும். கடைத் தம்பி முதல்நாள் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "அக்கா, சாதாரணக் காற்றா நைட்ரொக்ஸா?" நைட்ரொக்ஸ் என்றால் ஒட்சிசன் கூட்டிய காற்று. அழுத்தத்தில் கூடிய ஒட்சிசனும் வால்வுக்குள் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். துவக்குக்குச் சாதாரண உலர்ந்த காற்று மட்டும்தான், இதில் விளையாட்டு இல்லை.

நிறைத்துக்கொண்டு வந்த பிறகுதான் ரைபிள் சிலிண்டரில் குத்தியிருந்த திகதியைப் பார்த்தேன். இப்படியான சிலிண்டர்களுக்குப் பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள். இது பதினொன்றைத் தாண்டியிருந்தது! அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்திருக்கிறேன். வெளியில் கொண்டுபோய்க் காற்றை முழுதாக விட்டு, சிவப்புப் பேனையால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கினோம். கழகத்தின் இன்னொரு ரைபிளிலிருந்து திகதி முடியாத ஒன்றை இரவல் எடுத்தேன். நிறைக்க முதல் பார்த்திருக்க வேண்டியதை நிறைத்த பிறகு பார்த்தேன் என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு சன்னம். 4.5 மில்லிமீற்றர் என்று எல்லாரும் சொன்னாலும் தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 என்று தனித்தனி ரின்னில் வரும், ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். போட்டிச் சன்னத்தின் தலை தட்டை, அதனால் கடதாசியில் பஞ்ச் மெசினால் குத்திய மாதிரி வட்டமாக ஓட்டை விழும், அளக்க இலகு. எங்களிடம் நான்கு ரின் இருந்தன. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பத்தரிடம் தங்கம் நிறுக்கிற தராசு உண்டு, ஞாயிறு மத்தியானம் கடதாசி விரித்து ஒவ்வொரு ரின்னிலும் ஐம்பது ஐம்பதாக நிறுத்துப் பார்த்தேன். 0.53 கிராம் என்று எழுதியிருந்த ஒரு ரின்னில் 0.52உம் இருந்தது, 0.54உம் இருந்தது. "ஈயத்துக்கு இவ்வளவு கவனமெண்டால் நீ எங்கட தொழிலுக்கு வந்திருக்கலாம்" என்றார் பத்தர். தராசை ஈரத்துணியால் துடைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். ஈயம் தொட்ட கையால் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

சன்னத்தைச் சோதிக்கிற முறை இதுதான்: ரைபிளை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் ரப்பர் வைத்துப் பூட்டி, ஆள் குறி பார்க்காமல், ஒரே இடத்தில் ஐந்தைந்தாகச் சுடுவது. நான்கு ரின்னில் ஒன்று ஐந்து சன்னத்தையும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் விட்டது, வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு 5.5 மில்லிமீற்றர்கூட இல்லை. இன்னொன்று அதே தூரத்தில் எட்டு மில்லிமீற்றரைத் தாண்டியது, அதுதான் விலை கூடிய ரின். ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீற்றர் பொட்டு, ஒவ்வொரு வளையமும் இரண்டரை மில்லிமீற்றர். அப்படியென்றால் தப்பான ரின்னைப் போட்டால் நான் ஒன்றும் பிழைவிடாமலேயே அரை வளையத்துக்கு மேல் போய்விடலாம்.

இவ்வளவும் ஒன்றரைக் கிழமை. எல்லாம் வடிவாகப் போய்க்கொண்டிருந்தது. இனித்தான் கூத்து.

ரைபிளை உடம்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். சேருடைய அளவில் பூட்டியிருந்த, தோளில் படுகிற பின்தட்டு எனக்கு நீளம், கன்னத்தைச் சாய்க்கிற கன்னக்கட்டை பதிவு. கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தை இயல்பாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். பின்னால் இருக்கிற டயொப்டர், அதாவது குறி பார்க்கிற பின் சைட், அதன் ஓட்டைக்கு நடுவில் குழல் நுனியில் இருக்கிற முன்வளையம் தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் கழுத்தை வளைக்காமல் கட்டையை மாற்ற வேண்டும். கன்னக்கட்டையை உயர்த்தினேன். கண்ணுக்கும் டயொப்டருக்கும் தூரம் போதவில்லை, அதனால் டயொப்டரை, அது பூட்டியிருக்கிற துவக்கின் மேல் தண்டவாளத்தில் ஒரு சென்ரிமீற்றர் முன்னுக்கு நகர்த்தினேன். அதற்கு இரண்டு ஆணி. முன் ஆணியை இறுக்கினேன், கரண்ட் போய்விட்டது. இருட்டில் துவக்கைத் தொடக்கூடாது என்பது சட்டம், பொறுப்பாளர் ரோர்ச் லைட்டோடு வந்து எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

அடுத்தநாள் நான் பின் ஆணியை மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது கொப்பியில் பதினாறு பக்கம். ஒருநாள் சூடெல்லாம் வலப்பக்கம் ஒரு கொத்தாக விழும். டயொப்டரின் குமிழை இடப்பக்கம் எட்டுக் கிளிக் திருப்புவேன், ஒரு கிளிக்குக்குக் கால் மில்லிமீற்றர் அளவு நகர வேண்டும், ஆனால் நான்கு மில்லிமீற்றர் போகும். திரும்பக் கொண்டுவந்தால் ஒன்றுமே நகராது. சில நாள் ஒரே தாளில் இரண்டு கொத்து, நடுவில் வெறுமை. கச்சான் காற்று அடிக்கிற மாதம், களஞ்சியத்துக்குள் அடுப்பு மாதிரி, அதற்குள் கன்வஸ் ஜக்கெட்டைப் போட்டு இறுக்கிக்கொண்டு நின்றால் வியர்வை கண்ணுக்குள் இறங்கும். வியர்வைதான் காரணம் என்று எழுதினேன். பிறகு மூச்சு என்று எழுதினேன். ஒருநாள் "மனம் சரியில்லை" என்றுகூட எழுதியிருக்கிறேன். இருபத்திரண்டு நாளில் மொத்தமாக எத்தனை கிளிக் திருப்பினேன் என்று பின்னர் கூட்டிப் பார்த்தேன், முந்நூற்றுச் சொச்சம்.

சேருக்குப் போன் எடுத்தேன். கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி: "வைஸில எப்படி?" வைஸில் இப்பவும் ஒரே ஓட்டைதான் என்றேன். "அப்ப குழலும் காற்றும் சன்னமும் சரி. வைஸ் சைட்டைப் பாக்கிறேல்ல. நீ பாக்கிறாய். உனக்கும் குழலுக்கும் நடுவில என்ன இருக்கு?" சொல்லிவிட்டு வைத்துவிட்டார், தெரிந்தும் சொல்லாமல் விட்டாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

அன்றிரவு ஒரு யோசனை வந்தது. அடுத்தநாள் கைப்பையில் சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுபோய், டயொப்டரின் அடியிலிருந்து தண்டவாளம் வரைக்கும் குறுக்கே மயிரளவு மெல்லிய ஒரு கோடு கீறினேன். காயவிட்டேன். பத்துச் சூடு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், கோடு முழுசாக இருந்தது. கிளிக் குமிழை நான்கு திருப்பினேன், திரும்பப் பார்த்தேன். கோடு நடுவில் உடைந்து, மேல்பாதி ஒரு தூசி அளவு விலகி நின்றது. நான் கிளிக் திருப்பும்போது விரலின் அழுத்தத்துக்கே முழு டயொப்டரும் அசைந்திருக்கிறது! அதாவது இவ்வளவு நாளும் திருத்துகிறேன் திருத்துகிறேன் என்று நானே அதை அங்குமிங்கும் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். பின் ஆணியில் சாவியைப் போட்டால் முக்கால் சுற்று இலகுவாகப் போனது. இறுக்கிவிட்டு, பழைய பூச்சைச் சுரண்டி, புதிதாகக் கோடு கீறி, முப்பது சூட்டில் நடுவுக்குக் கொண்டுவந்தேன். முப்பதே சூடு. பொறுப்பாளர் பார்த்துவிட்டு பின்தட்டு, கன்னக்கட்டை எல்லாவற்றிலும் கோடு போடச் சொன்னார், இப்போது அந்த ரைபிள் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது.

பிஸ்டல் இதற்குள் பின்தங்கிவிட்டது. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெள்ளி எடுத்த துருக்கிக்காரர் யூசுப் டிகெச்சின் படத்தைக் காட்டி, "இந்த மனிசன் ஒண்டுமில்லாமச் சுடுறார், நீங்கள் ஏன் இவ்வளவு பாடு?" என்று வங்கியில் எல்லாரும் கேட்கிறார்கள். அவர் ஒன்றுமில்லாமல் சுடவில்லை, கையில் இருந்தது நன்றாகச் சரிபார்த்த போட்டிப் பிஸ்டல். பிஸ்டலின் பத்து 11.5 மில்லிமீற்றர், ரைபிளோடு பார்த்தால் தாராளம். ஆனால் ஒற்றைக் கை, அதோடு விரலால் இழுக்கிற விசை குறைந்தது 500 கிராம் பாரத்தைத் தாங்க வேண்டும். ரைபிள் விசைக்கு அப்படி எல்லை இல்லை, தொட்டால் போதும். ஒரே மாலையில் ரைபிளிலிருந்து பிஸ்டலுக்கு மாறினால் விரல் ஏமாந்துபோகும், முதல் ஐந்து சூடும் இழுத்து இழுத்து இடப்பக்கம் கீழே போகும். ஆகவே முதலில் பிஸ்டல், பிறகு ரைபிள் என்று மாற்றினேன். இதற்குச் சைட்டைத் தொடவில்லை, பாடம் படித்துவிட்டேனே.

விசையைச் சோதிக்கச் சரியான நிறைகல் இல்லை. அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலில் கொக்கி கட்டி, போத்தல், கொக்கி, தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பத்தரின் தராசில் 500க்குக் கொண்டுவந்தேன். குழலை நேர் மேலே பிடித்து, கொக்கியை விசையில் மாட்டி, மெல்லத் தூக்க வேண்டும், விசை விடாமல் போத்தல் எழும்பினால் தேறியது. சரியாக 500க்கு வைத்தபோது இரண்டு முறை எழும்பியது, மூன்றாம் முறை டிக் என்று விட்டுவிட்டது. 500க்கு 500 வைப்பது புத்தியில்லை. அரைச் சுற்று இறுக்கி 520 அளவில் விட்டேன்.

இரவுக் கோச்சியில் கொழும்பு. பெட்டிகளோடு பொறுப்பாளரும் கடிதங்களும் முன்னாலேயே வானில் போய்விட்டார்கள், என் மடியில் ஜக்கெட் மட்டும்தான். உபகரணச் சோதனையில் ரைபிளை நிறுத்தார்கள், 5.5 கிலோவுக்குள். சிலிண்டர் திகதியைப் பார்த்தார்கள், என் காது சூடானது, ஆனால் சரி. பிஸ்டல் முதல் தூக்கிலேயே தேறியது. நகப்பூச்சைப் பார்த்து ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார், பக்கத்தில் இருந்த பெண் தன் ரைபிளைத் திருப்பிக் காட்டினார், அதில் ஊதா நிறக் கோடு.

ரைபிளில் அறுபது சூட்டுக்கு 598.4. பிஸ்டலில் 531, அதுவும் கடைசிப் பத்தில் கை நடுங்கி. போட்டி முடிந்ததும் லென்ஸை எடுத்துப் பார்த்தேன், கோடு உடையவில்லை. ஆகவே ரைபிளில் விழுந்த இரண்டு ஏழும் ஒரு ஆறும் என்னுடையவை, டயொப்டரின் தலையில் கட்ட முடியாது.

ஊருக்கு வந்ததும் ரேங்கியைத் திருப்பிக் கொடுக்க நிலாவெளிக்குப் போனேன். வெள்ளைக்காரன் காலத்தில் புறாத்தீவைச் சுட்டுப் பழகுகிற இடமாக வைத்திருந்தார்களாம் என்று கடைத் தம்பி கரையில் நின்று கையைக் காட்டிச் சொன்னார், இப்போது அங்கே முருகைக்கல் பார்க்கத்தான் ஆட்கள் போகிறார்கள். வாடைக்கு முன்னம் கடையை மூடிவிடுவாராம், திரும்பத் திறக்கச் சித்திரை ஆகும். அதுவரைக்கும் காற்றுக்கு எங்கே போவது என்று யோசித்துவிட்டு, ரேங்கியை நிறைத்துத் திரும்பவும் ஓட்டோவில் ஏற்றினேன்.