"எங்க வீடு எங்க, தம்பி?"

கேமரா திரையைப் பார்த்துவிட்டு அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். "வீடுதான்க்கா ஃபிரேம்" என்றேன். தொழில்படி சரியான பதில். எட்டு மாதமாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்காகப் போன வேலை. தேயிலைச் சரிவு, மூடுபனி, நடுநடுவே சில்வர் ஓக். ஊரே எடுத்துத் தள்ளிய படம். இதில் ஆழம் வேண்டுமென்றால் முன்னால் ஒரு சட்டம் வேண்டும்: ஜன்னலோ, கிளையோ, பாலத்து வளைவோ. எனக்கு இதைப் பழக்கியது மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 16 குகைகள். ஒவ்வொரு குகை வாயிலும் சுற்றி இருட்டு நிற்க, பள்ளத்தாக்கு மட்டும் தனியாகத் தெரியும். அதற்குப் பிறகு டீக்கடைத் தட்டியில்கூட சட்டம்தான் தெரிகிறது. அன்றைக்குக் கண்ணில் பட்டது ஒரு லைன் வீட்டுக் கதவு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று.

"உள்ளே நின்னு ஒரு படம் எடுத்துக்கலாமாக்கா?"

"வாங்க தம்பி, செருப்போடயே வாங்க."

அவர் அம்மா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவராம். லைன் வீட்டைக் கடைசிவரை 'லயம்' என்றுதான் சொல்வாராம். கேட்டுக்கொண்டே வெளிச்சம் பார்த்தேன். வெளியே ஷட்டர் திறக்க வேண்டியது 1/500 நொடி. லென்ஸ் துளையை மாற்றாமல் உள்ளே 1/4. ஏறக்குறைய 125 மடங்கு வித்தியாசம். கண் சமாளித்துவிடும், ஒரே கிளிக்கில் கேமராவால் முடியாது. வெளியே இருப்பதற்கு அளவு வைத்தேன். அடுப்பு, துணிக்கொடி, பிள்ளையின் புத்தகப் பை, மாலை போட்ட அம்மா படம், எல்லாம் கருப்பில் போய்விட்டன. நடுவில் பச்சை, அவ்வளவு அழகு. விடுதிக்காரர் முகப்புக்கே அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

குகை கருப்பாக விழுந்ததற்கு யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆனால் குகையில் யாரும் சோறு பொங்குவதில்லை.

ஃபிளாஷ் பையில்தான் இருந்தது. இரண்டு அளவில் எடுத்து ஒட்டியும் இருக்கலாம். அப்படிச் செய்தால் சட்டம் மறைந்து அது ஒரு வீடாகிவிடும். வீட்டுக்கு யார் காசு தருவார்? இதை எழுதும்போதுகூட நியாயமாகத்தான் படுகிறது. நியாயமென்றால் கிளம்பும்போது எதற்காக 1/4-இல் இன்னொரு படம் எடுத்தேன்? அதில் வீடு முழுக்க இருந்தது, பை வரைக்கும். கதவுக்கு வெளியே மட்டும் வெறும் வெள்ளை. அதை விடுதிக்கு அனுப்பவில்லை.

போன மாதம் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். பாவமன்னிப்பு மாதிரி ஒரு நினைப்பு, வேறென்ன. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தேயிலையே தெரியலையே தம்பி. முதல்ல எடுத்தீங்களே, அது இல்லையா?"

அது விடுதிக்காரருக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்றேன்.