ஏணியில் தட்டிய தாளம்

இன்று மாலை கல்லூரி நீச்சல் குளத்தில் நடந்த ஒத்திசைவு நீச்சல் பயிற்சியில், பயிற்சியாளர் எஃகு ஏணியின் கம்பியைக் கரண்டியால் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருக்க, தண்ணீருக்குள் தலைகீழாக நின்ற எட்டுப் பெண்களின் கால்கள் ஒரே கணத்தில் மடங்கின.

அந்தத் தட்டல்தான் அவர்களுக்குத் தாளம்.

காற்றைவிட நீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்வதால், அது எத்திசையிலிருந்து வருகிறது என்பது காதுக்குப் பிடிபடாது. எண்ணிக்கை மட்டும் தெளிவாகக் கேட்கும்.

குளத்தின் தரையில் கால் ஊன்றக் கூடாது என்பது விதி. 1984-இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இந்த விளையாட்டுக்கு 2017-இல் 'கலைநய நீச்சல்' என்று பெயர் மாற்றினார்கள். எனக்கென்னவோ 'ஒத்திசைவு' என்ற பழைய சொல்லே பிடித்திருக்கிறது.

மேலே வந்தபோது எட்டுப் பேரும் புன்னகைத்தார்கள்.

பயிற்சியாளர் திரும்பிய பிறகு, ஒருத்தி மட்டும் மூக்குக் கிளிப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் மூச்சு வாங்கினாள்.