குளோசோப்டெரிஸ் இலையை இனங்காண்பது: நட்டால் ஷேலில் வேலை செய்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மேட்டில் ஏறி லிட்கெட்டன், மூய் ரிவர் பக்கம் போனால், சாலைக்காக வெட்டிய சரிவுகளில் சாம்பல் நிற ஷேல் (சேறு இறுகி உண்டான பாறை) அடுக்கடுக்காகத் தெரியும். அதைப் பிளந்தால் வரும் நாக்கு வடிவ இலைகளில் பெரும்பாலானவை குளோசோப்டெரிஸ். சுமார் 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலம் முடிந்தபோது அழிந்துபோன மரம். வடக்கே டண்டி, நியூகாசில் சுரங்கங்களில் நம் பாட்டன் பூட்டன்மார் வெட்டிய நிலக்கரியில் பெரும்பகுதியும் இந்த மரங்கள் சேற்றில் மக்கி உண்டானதே.

சுத்தியைத் தொடும் முன் அனுமதி. 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் மரபுவளச் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் புதைபடிவத்தை எடுப்பதே குற்றம். உதிர்ந்து கிடப்பதற்கும் இது பொருந்தும். குவாசுலு-நட்டாலில் மாகாண மரபுவள அமைப்பான அமாஃபாவைக் கேட்க வேண்டும்.

தட்டை உளியை அடுக்கின் விளிம்பில் வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே சுற்றி வர வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் இலையின் குறுக்கே உடையும். பிளந்ததும் இரு பக்கத்தையும் எடுத்து, ஒரே எண்ணை அ, ஆ என்று போட்டு எழுதிவிடுங்கள். ஒரு பக்கத்தில் நடுநரம்பு மேடாகவும் மறுபக்கத்தில் பள்ளமாகவும் இருக்கும். கரிப்படலம் எந்தப் பக்கம் ஒட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எந்த அடுக்கில் கிடைத்தது என்பதையும் அங்கேயே குறிக்க வேண்டும். கழுவாதீர்கள்: களிமண் மிகுந்த ஷேல் தண்ணீரில் உப்பி, காயும்போது செதில் செதிலாக உரியும். பளபளப்புக்கு வார்னிஷ் அடிப்பது அதைவிடக் கொடுமை, நரம்பின் பள்ளத்தையே அடைத்துவிடும். உதிரும் விளிம்பை மட்டும் அசிட்டோனில் மெல்லியதாகக் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசின் கொண்டு இறுக்கினால் போதும்.

அடுத்து பேரினம். நடுநரம்பும், அதிலிருந்து வளைந்து போய் ஒன்றோடொன்று கூடி வலைபோலப் பின்னும் பக்க நரம்புகளும் சேர்ந்திருந்தால் குளோசோப்டெரிஸ். வலை உண்டு, உண்மையான நடுநரம்பு இல்லை என்றால் கங்கமோப்டெரிஸ். நரம்புகள் வலையே பின்னாமல் இணையாக ஓடினால் நோகெராதியோப்சிஸ் பக்கம் பாருங்கள். இலை இரண்டாகக் கவைத்திருந்தால் அது டைக்ரோய்டியம். அப்படியானால் நீங்கள் நிற்கும் பாறை பெர்மியன் அல்ல, அதற்கு அடுத்த காலமான டிரையாசிக்.

இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் உடைந்த துண்டுகளால் வருவது. குளோசோப்டெரிஸின் நடுநரம்பு ஒற்றைத் தண்டு அல்ல, பல இழைகளின் கட்டு. நுனிக்குப் போகப் போக இழைகள் பிரிந்து மெலியும். ஆகவே நுனித் துண்டு மட்டும் கையில் இருந்தால் கங்கமோப்டெரிஸ் என்றே தோன்றும். நடுப்பகுதி இல்லாத துண்டுக்குப் பெயர் போடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு இலைகளும் இல்லாத வலையைக் காட்டும். வெடிப்புகளில் மாங்கனீசு படர்ந்து உண்டாகும் கருங்கிளைகளைச் செடி என்று கொண்டுவருபவர்களும் உண்டு. அவை விரிசலிலிருந்து புறப்படும், தடிமனும் இருக்காது.

சிற்றினம்தான் தலைவலி. இந்த அளவுகளை எடுங்கள், நீளம் தவிர மற்றவற்றை எப்போதும் இலையின் நடு மூன்றில் ஒரு பங்கில்: நீளம், அகலம், இரண்டின் விகிதம், நடுநரம்பை விட்டுப் பிரியும் இடத்திலும் ஓரத்தைத் தொடும் இடத்திலும் பக்க நரம்பின் கோணம், ஓரத்தில் 1 செ.மீ.க்கு எத்தனை நரம்புகள். நடுநரம்பை ஒட்டியும் ஓரத்திலும் நரம்பு வலைக் கண்ணியின் நீள அகலம். 10 மடங்கு லென்ஸ் போதும். வெளிச்சம் தாழ்வாக, பக்கவாட்டில் விழட்டும். நரம்பு ஓடும் திசையிலேயே ஒளி வந்தால் கண்ணிகள் மறைந்துவிடும், எனவே விளக்கைத் திருப்பி இரண்டு படம் எடுங்கள். இறுதிப் படத்தில் ஒளி இடது மேல்மூலையிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவருக்குப் பள்ளம் மேடாகத் தெரியும்.

ஒரே இலையை அளந்துவிட்டுப் புதுச் சிற்றினம் என்று கிளம்பக்கூடாது. ஒரே மரத்தில் சிறிதும் பெரிதும் அகன்றதும் ஒடுங்கியதுமாக இலைகள் வரும். இலையுதிர் மரம் என்பதால் ஒரே பலகையில் பாய் விரித்ததுபோல் கிடைக்கும். ஒரே அடுக்கின் இருபது முப்பது இலைகளை அளந்து, அளவுகள் இடைவெளியில்லாமல் தொடர்கின்றனவா, தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிகின்றனவா என்று பாருங்கள். தொடர்ந்தால் ஒரே வடிவம். பழைய பெயர்களில் பலவும் அந்தத் தொடரைத் துண்டு போட்டதால் வந்தவை என்பது எங்கள் எண்ணம்.

இலையைவிடக் கனியுறுப்புக்கே எடை அதிகம். 1828-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரோன்யார் பெயரிட்டபோது குளோசோப்டெரிஸைப் பெரணி என்றே கருதினார்கள். ஜொகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே ஃபெரீனிகிங்கில் கிடைத்த, இலையோடு ஒட்டிய கனியுறுப்புகளை 1952-இல் தொல்தாவர ஆய்வாளர் எட்னா பிளம்ஸ்டெட் விவரித்த பிறகே இது விதைத்தாவரம் என்பதற்குக் கையில் பிடிக்கும் சான்று வந்தது. கேடயம்போல விளிம்பு வைத்தது ஸ்கூட்டம். சிறிய செதில் இலைமீது காம்புள்ள குட்டித் தலைகள் பல இருந்தால் லிட்கெட்டோனியா, லிட்கெட்டன் ஊரின் பெயரால் வந்தது. ஒரேபோலத் தெரியும் இலைகள் வெவ்வேறு கனிகளைத் தாங்கக்கூடும். அதனால் இலை கிடைத்த பலகையின் சில்லுகளையும் வீசாமல் லென்ஸில் பாருங்கள்.

இலைத்தோலை அமிலத்தில் பிரித்துப் பார்க்கலாமே என்பீர்கள். நட்டாலில் பெரும்பாலும் பலிக்காது: சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக் குழம்பாக ஊடுருவிய டோலரைட் சூட்டில் அது வெந்துபோயிருக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் எலும்புவரை அரிக்கும், வீட்டுப் பின்கட்டில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

புதுப் பெயர் வெளியிட லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரணை, படம், நிலையான சேகரிப்பில் வைத்த மூலமாதிரி (பெயருக்கு ஆதாரமான மாதிரி) ஆகிய மூன்றும் தேவை. அதுவரை சீட்டில் ‘குளோசோப்டெரிஸ், வடிவம் 1’ என்று எழுதி, கீழே அளவுகளையும் அடுக்கையும் சேர்த்துவிடுங்கள்.