அரியாங்குப்பம் ஆற்றில் லூர் போட்டுக் கொடுவா: இந்தத் தடைக்காலத்தில் கற்றது

இந்தச் சித்திரை, வைகாசி முழுவதும் ஒரே தண்ணீரில்தான் தூண்டில் போடுவது என்று முடிவு செய்திருந்தேன். புதுச்சேரியில் கடலூர் சாலைப் பாலத்துக்குக் கீழே தொடங்கி, தேங்காய்த்திட்டு அலையாத்தி மரங்கள் வழியாக முகத்துவாரம் வரை ஓடும் அரியாங்குப்பம் ஆறு. குறி கொடுவா. உயிர் இறாலைக் கோத்துத் தக்கை கட்டி மிதக்கவிட்டால் கொடுவா கிடைக்கும், அது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். போன வருடம் வரை நானும் அப்படித்தான் பிடித்தேன். இந்த முறை இறாலே வேண்டாம், லூர் (இரை மாதிரி செய்த செயற்கை மீன்) மட்டும் என்று வைத்துக்கொண்டேன். இறால் துடித்து மீனைத் தன்னிடம் அழைத்துவிடும். லூரை மீனின் முகத்துக்கு முன்னால் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கு மீன் எங்கே, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

காலமும் தோதாக இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை (2017க்கு முன்பு இது 45 நாள்). படகுகள் எல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஆற்றில் ஃபைபர் படகுகளின் நடமாட்டம் மட்டும்தான். பெரிய இன்ஜின் சத்தமும் விசிறி கிளப்பும் சேறும் இல்லாத ஆறு வருடத்தில் இந்த இரண்டு மாதம்தான் கிடைக்கிறது. துறைமுகத்துக்குள் நான் போவதில்லை. அது தொழில் செய்பவர்களின் இடம், வலை பழுதுபார்க்கவும் பலகை அடிக்கவும் அவர்களுக்கும் இந்த இரண்டு மாதம்தான் இருக்கிறது.

சாமான்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு அடி மீடியம் ராடு, 4000 அளவு ரீல், 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு). முன்னால், லூருக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்கு 40 பவுண்டு லீடர் என்கிற தடித்த நரம்பு. இந்த லீடர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி. மீன் துள்ளித் தலையை உதறும்போது மெல்லிய தங்கூஸ் அதில் ஒரு தடவை உரசினால் போதும், அறுந்துவிடும். லூர்களோடு வரும் மூன்று முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டுக்கொண்டேன். மீனைத் திரும்ப விடுவதற்கும், நம் விரலுக்கும் அதுதான் நல்லது.

சித்திரை முதல் பாதியில் கொடுவாவைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. சீலா ரப்பர் மீனின் வாலை மட்டும் சுத்தமாகக் கத்தரித்துக்கொண்டு போகும். முகத்துவாரத்துப் பக்கம் கையளவுப் பாரைக் குஞ்சுகள் கூட்டமாக வந்து அடிக்கும். மரத்தடியில் செப்பிலி ஒன்று அடித்த வேகத்தில் வேருக்குள் புகுந்து லூரோடு போயே போய்விட்டது. செப்பிலியை முதல் இரண்டு மூன்று நொடிக்குள் வெளியே இழுத்துவிட வேண்டும், அதற்குமேல் அது வீட்டுக்குப் போய்விடும்.

அப்புறம்தான் லூர்ப் பெட்டியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

புதுச்சேரிக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் பெரிதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான். குஜராத் பக்கத்துக் கடலோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் அந்த ஒரு மீட்டர் தண்ணீர் முழுவதும் குறுகலான ஆற்று வாய் வழியாகத்தான் உள்ளே வந்து வெளியே போயாக வேண்டும். அதனால் உயரம் குறைவாக இருந்தாலும் ஓட்டம் நன்றாகவே இருக்கும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இதை அட்டவணையில் யாரும் பார்க்கலாம். முகத்துவாரத்தில் தண்ணீர் திரும்பிய பிறகும் உள்ளே பாலத்துப் பக்கம் வெகு நேரம் வடிந்துகொண்டேதான் இருக்கும் என்பது அட்டவணையில் இருக்காது. கரையில் நின்று ஒரு காய்ந்த இலையைப் போட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால்தான் தெரியும். இடத்துக்கு இடம் இந்த நேர வித்தியாசத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். இந்த இரண்டு மாதத்தில் நான் செய்ததில் உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏற்றத்தின்போது தண்ணீர் வெண்கண்டல் மரங்களின் மூச்சு வேர்களுக்குள் நுழைகிறது. இறாலும் மடவைக் குஞ்சும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விடும். அங்கே ஆழமில்லை, பெரிய மீன் துரத்த முடியாது. வடிய ஆரம்பித்ததும் அவை எல்லாம் சின்னச் சின்ன ஓடைகள் வழியாக ஆற்றுக்குள் திரும்பி வந்தாக வேண்டும். ஒவ்வொரு ஓடையும் ஆற்றில் சேரும் இடத்தில் கலங்கல் தண்ணீருக்கும் தெளிந்த தண்ணீருக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். கொடுவா ஓட்டத்தை எதிர்த்து நீந்தி இரை தேடுகிற மீன் இல்லை. அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கல்லோ விழுந்த மரமோ பாலத்துத் தூணோ தண்ணீரைத் தடுக்கிற இடத்தில், முகத்தை ஓட்டத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். இரை தானாக வரும். ஆகவே லூரும் மேலிருந்து கீழே, தண்ணீர் போகும் திசையில்தான் வர வேண்டும். கரையில் மேல்பக்கம் நின்று எறிந்து எதிர் ஓட்டத்தில் இழுத்து வந்தால் மீனின் வாலுக்குப் பின்னாலிருந்து லூர் வருகிறது, அதை அது மதிப்பதில்லை. கீழ்ப்பக்கம் போய் நின்று, மேல்நோக்கி எறிந்து, ஓட்டத்தோடு வரவிட ஆரம்பித்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது.

இன்னொரு பாடம் வீராம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் சொன்னது. வீச்சுவலை போட்டு மடவை பிடிப்பவர். மடவை துள்ளுகிற பக்கமெல்லாம் நான் லூரை எறிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“தம்பி, மடவை சும்மாவே துள்ளும். அது துள்ளுற எடத்த பாக்காத. கரையோரமா ஒட்டிக்கிட்டு சத்தம் போடாம நிக்குது பாரு, அங்க போடு.”

“பயந்துபோய் நிக்குதாண்ணே?”

“பின்ன? வெளிய ஆளு இருக்கான்ல.”

அவர் காட்டிய இடத்தில் மடவைக் குஞ்சுகள் முழங்கால் ஆழத்தில், வேரோரமாகக் கறுப்பாகத் திரண்டு நின்றன. அதற்கு நேர் வெளியே, ஆழம் தொடங்கும் விளிம்பில், பத்து கிராம் ஜிக் ஹெட்டில் (ஈயத் தலை வைத்த முள்) கோத்த வெள்ளை ரப்பர் மீனைப் போட்டு மெதுவாக வரவிட்டேன். இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம். மூன்றாவது நிறுத்தத்தில் அடித்தது. அடித்தது என்பதைவிட உறிஞ்சியது என்றுதான் சொல்ல வேண்டும். கொடுவா வாயைத் திடீரென்று அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே இழுக்கும். மேலே நடந்தால் ‘டப்’ என்று பலகை விழுந்த சத்தம் கேட்கும், அடியில் நடந்தால் கைக்கு ஒரு தட்டு மட்டும். அந்தத் தட்டு வந்ததும் ராடைத் தூக்காமல் ரீலைச் சுற்றி நரம்பை இறுக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். இரண்டு முறை முழு உடம்பையும் தண்ணீருக்கு மேலே காட்டியது. 54 செ.மீ., பக்கங்களில் வெள்ளி, முதுகில் பச்சை கலந்த கறுப்பு. லூரில் பிடித்த முதல் கொடுவா. பெரியவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தார். “இதுக்குத்தான் சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோனோம். குழம்பு. தடைக்காலத்தில் சந்தையில் விலை ஏறிக் கிடக்கும்போது வீட்டில் எல்லோருக்கும் கூடுதல் மகிழ்ச்சி.

அதற்குப் பிறகு கிடைத்ததில் பெரியது ஒன்று உண்டு, ராடில் போட்டிருந்த அளவுக் குறிகளையும் தாண்டியது. அதை விட்டுவிட்டேன். கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதிர்ச்சி அடைகிறது. சில வருடம் கழித்து, உடல் பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிறது. ஆகவே ஆற்றில் இருக்கும் மிகப் பெரிய மீன்கள் ஏறக்குறைய எல்லாமே முட்டையிடும் பெண்கள். அவை உப்பு மிகுந்த முகத்துவாரத்துக்குப் போய் முட்டையிட, குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளரும். அந்த ஒரு மீனை எடுத்தால் போகும் முட்டைகளைப் பத்து சின்ன மீன்கள் ஈடு செய்ய முடியாது. சாப்பிட வேண்டுமென்றால் இப்போது வளர்ப்புக் கொடுவாவே கிடைக்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவை இனப்பெருக்கம் செய்யவைத்துக் குஞ்சு எடுத்ததிலிருந்து இது வளர்ந்திருக்கிறது. தூண்டில் போடும் நண்பர்கள் பெரிய மீனோடு படம் எடுத்துக்கொள்ளட்டும், உடனே தண்ணீரில் விடட்டும். இதைக் கேட்டுக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் ஆற்றின் ஆழமில்லாத பகுதிகள் பகலில் வெந்நீராகிவிடுகின்றன. தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரிக் கடல்நீரில் முழுதாகக் கரைந்தாலும் லிட்டருக்கு 6 மில்லிகிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். தேங்கிய இடத்தில் அதுவும் இருக்காது. இந்தக் காலத்தில் காலை பத்து மணிக்குமேல் ஒரு கடியும் எனக்கு விழுந்ததில்லை, ஓட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும். விடியலில் வற்றம் அமைகிற நாட்களையும், இருட்டும் நேரத்தில் அமைகிற நாட்களையும் நோட்டில் வட்டமிட்டு, அந்த நாட்களில் மட்டும் போனேன். மீனைத் திரும்ப விடும்போதும் இந்தச் சூடு கணக்கில் வர வேண்டும். களைத்த மீனை அப்படியே வீசக் கூடாது. ஓட்டத்தைப் பார்த்து முகம் இருக்கும்படி பிடித்து, செவுளுக்குள் தண்ணீர் போகவிட்டு, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை காத்திருக்க வேண்டும்.

காலை ஓட்டம் ஒத்துவராத நாட்களில் கடற்கரைக்குப் போனேன். காலையில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது கடல் தட்டையாக இருக்கும், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பியதும் அலை கிளம்பிக் கலங்கிவிடும். சின்ன முள்ளில் இறால் துண்டு கோத்து மணலில் போட்டால் கிழங்கான் வரும். நகரத்துக் கடற்கரையின் கதை தெரிந்ததுதான். 1980களின் இறுதியில் ஆற்று வாயில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தன, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டது, வடக்கே ஊருக்கு முன்னாலிருந்த மணல் கரைந்து கருங்கல் மட்டும் மிஞ்சியது. தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த நீருக்கடித் திட்டு 2018 வாக்கில் வந்த பிறகு தலைமைச் செயலகத்தின் முன்னால் மணல் திரும்பியிருக்கிறது. என் தூண்டிலுக்கு மணலும் கல்லும் இரண்டுமே உதவுகின்றன, ஆனால் மணலில் குழந்தைகள் ஓடுவதைப் பார்ப்பது வேறு.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஆற்றில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் சேற்றில் தேய்த்தபடி நடங்கள், திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும். கெளுத்தி மாட்டினால் வெறும் கையால் பிடிக்கவே வேண்டாம். முதுகிலும் பக்கவாட்டிலும் உள்ள முட்களில் விஷம் உண்டு. குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை முக்கி வைத்தால் வலி குறையும். பிறகு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அறுந்த நரம்பை வேரிலேயே விட்டுவிட்டு வருவதும் எனக்குப் பொறுக்கவில்லை. கொக்கு ஒன்று காலில் தங்கூஸ் சுற்றி நொண்டியதைப் பார்த்தபின் ஒரு சாக்குப் பை எடுத்துப் போகிறேன், யார் விட்டதாக இருந்தாலும் எடுத்து வந்துவிடுகிறேன்.

ஜூன் 14 நள்ளிரவோடு படகுகள் கிளம்பிவிடும். அதன்பின் முகத்துவாரத்துப் பக்கம் பகலில் நிற்பது கஷ்டம் என்பதால், ஆனியில் பாலத்துக்கு மேல்பக்கம் போகத் திட்டம். அங்கே இலை போட்டுப் பார்த்த கணக்கு என்னிடம் இன்னும் இல்லை, முதலில் அதை எடுக்க வேண்டும். லீடரை 50 பவுண்டாக்கி, மரத்தடிச் செப்பிலிகளையும் இன்னொரு முறை பார்க்கலாம் என்றிருக்கிறேன்.