மெட்ச் நாள் தட்டு: துடுப்பு, பந்து, ஆடுகளம் எல்லாம் இனிப்பில்

கொழும்பில் எழுதப்பட்ட மில்க் டொபி குறிப்பை நுவரெலியாவில் எழுத்துப் பிசகாமல் செய்து பாருங்கள். கத்தி வைத்ததும் நொறுங்கும். கைப்பக்குவத்தில் குறை இல்லை, உயரம்தான் காரணம். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 96, கண்டியில் 98க்குக் கொஞ்சம் மேல். சீனிப் பாகுக்கும் இதே கணக்குத்தான். 300 மீற்றர் ஏறினால் ஒரு டிகிரி குறையும்.

மெட்ச் பார்க்கக் கூடும் வீட்டில் துடுப்பு, பந்து, ஆடுகளம் என்று இனிப்பு அடுக்க நினைப்பவர்கள் வடிவத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். வடிவம் எப்படியும் வந்துவிடும். பாகையும் ஈரக்காற்றையும் சமாளித்தால் போதும்.

முதலில் துடுப்பு. அதற்கு மில்க் டொபியை மிஞ்சியது இல்லை, நிறமே மரத்தின் நிறம். சீனி 500 கிராம், ஒரு டின்பால் (400 கிராம் அளவு), தண்ணீர் கால் கப், பட்டர் 50 கிராம், கஜு 100 கிராம், வெனிலா ஒரு தேக்கரண்டி. கஜுவை மிகப் பொடியாக நறுக்குங்கள். சாதாரண டொபியில் பெரிய துண்டு கடிபடுவது ருசிதான். ஆனால் இரண்டு சென்ரிமீற்றர் அகலத் துடுப்பில் பெரிய கஜு இருந்தால், சரியாக அந்த இடத்திலேயே முறியும்.

அடி கனத்த சட்டியில் சீனியையும் தண்ணீரையும் மட்டும் முதலில் வையுங்கள். ஒரு மணிகூட மிஞ்சாமல் சீனி கரைந்த பிறகுதான் டின்பால். இந்த இடத்தில் அவசரப்பட்டால், கரையாத சீனி மணி ஒவ்வொன்றும் பின்னால் ஒரு படிகத்துக்கு விதையாகி, டொபி முழுக்க மணல் மாதிரி நறநறக்கும். சட்டியின் ஓரத்தில் ஒட்டும் சீனியை ஈரத்துணியால் வழித்துவிடுவதும் இதற்காகத்தான். டின்பால் சேர்ந்த பிறகு கை எடுக்கக்கூடாது, அடியைச் சுரண்டிக் கிண்ட வேண்டும். விறகு அடுப்பென்றால் கொதி வந்ததும் பெரிய கட்டையை வெளியே இழுத்துவிடுங்கள். தணல் சூடே போதும்.

வெப்பமானி இருந்தால், கடல்மட்டக் குறிப்பு சொல்லும் 115 டிகிரியில் இருந்து உங்கள் ஊருக்கான வித்தியாசத்தைக் கழியுங்கள். நுவரெலியாவுக்கு 109, ஹட்டனுக்கு 111, கண்டிக்கு 113 சொச்சம். ஊரின் உயரம் தெரியாவிட்டால் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். அது 100க்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கழித்தால் சரி. நுவரெலியாவில் 115 வரை போனால், அது கீழே 121க்குப் போனதற்குச் சமம். தண்ணீர் அளவுக்கு மீறி வற்றியிருக்கும்.

வெப்பமானி இல்லாதவர்களுக்குக் கிண்ணத்துத் தண்ணீர் இருக்கிறது. ஒரு சொட்டு விட்டு, விரலால் திரட்டி, மெத்தென்ற உருண்டையாக வந்தால் இறக்கலாம். உயரம் இந்தச் சோதனையை ஏமாற்றாது, குழாய்த் தண்ணீர் ஏமாற்றும். மார்கழி, தையில் காலைத் தண்ணீர் ஐஸ் போல இருக்கும். அதில் விழுந்த பாகு பதத்துக்கு முன்னமே கெட்டியாகிவிட்டதாகக் காட்டும். உருண்டையை வெளியே எடுத்து, விரல் சூட்டில் சில நொடி வைத்து அழுத்திப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

பதம் வந்ததும் பட்டர், கஜு, வெனிலா சேர்த்து இறக்கி, பளபளப்பு மங்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் அடித்து, பட்டர் தடவிய 30க்கு 20 சென்ரிமீற்றர் தட்டில் ஊற்றுங்கள். கனம் ஒன்றேகால் சென்ரிமீற்றர் அளவில் நிற்கும். கீழ்நாட்டில் வெட்டுவதற்கு இருபது நிமிடம் கிடைக்கும். இங்கே மலைநாட்டில் குளிரான நாளில் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது, ஆகவே அடிக்கோலும் கத்தியும் பக்கத்திலேயே இருக்கட்டும். 9க்கு 2 என்று வெட்டினால் முப்பது துடுப்பும், ஓரத்தில் இரண்டு சென்ரிமீற்றர் பட்டை ஒன்றும் வரும். அந்தப் பட்டையைத் தின்றுவிடாதீர்கள், ஆடுகளத்துக்கு வேண்டும்.

கைப்பிடியையும் டொபியிலேயே செதுக்க ஆசை வரும். வேண்டாம். ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த எந்தக் கைப்பிடியும் தூக்கும்போதே உடையும். ஐஸ்கிரீம் குச்சியைப் பாதியாக வெட்டி, டொபி இளஞ்சூட்டில் இருக்கும்போது இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் செருகுங்கள். கொதிசூட்டில் குத்தினால் குச்சி சாயும், ஆறிய பின் குத்தினால் துடுப்பு பிளக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் குச்சி இல்லாத துண்டே நல்லது.

டொபி தப்பிப்போனால் வீசத் தேவையில்லை. நொறுங்கியதையும் நறநறத்ததையும் மறுபடி சட்டியில் போட்டு, கால் கப் தண்ணீர் விட்டு, மெல்லிய தீயில் முழுதாகக் கரைத்து, மீண்டும் பதம் பார்க்கலாம். நிறம் ஒரு படி கூடும், அவ்வளவுதான். இறுகாமல் பிசுபிசுத்தால் இன்னும் ஐந்து நிமிடம் கிண்டினால் சரியாகும்.

மைதானம் தேங்காய் டொபி. வெள்ளைப் பூவாகத் துருவிய தேங்காய் 300 கிராம், சீனி 500, பால் 150 மில்லிலீற்றர், பச்சைக் கலரிங் சில சொட்டு. சிரட்டையை ஒட்டிய தவிட்டுப் பகுதி சேர்ந்தால் பச்சை மங்கி, வெயில் காலத்துத் தோட்டத்து மைதானம் மாதிரியே ஆகிவிடும் (சிலருக்கு அதுவே பிடிக்கலாம்). எல்லாவற்றையும் சட்டியில் சேர்த்துக் கிண்டுங்கள். கலவை ஓரம் விட்டு, கிளறும்போது சட்டியில் வெள்ளைப் படிவு தெரியத் தொடங்கியதும், பட்டர் தடவிய 25 சென்ரிமீற்றர் வட்டத் தட்டில் கொட்டி, கரண்டியின் அடியால் அழுத்துங்கள்.

இனி ஆடுகளம். அசல் ஆடுகளம் 20.12 மீற்றர் நீளம், 3.05 அகலம், ஆறரைக்கு ஒன்று. பச்சை இறுகும் முன் நடுவில் 12க்கு 1.8 சென்ரிமீற்றர் என்ற பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, முன்பு ஒதுக்கிய மில்க் டொபிப் பட்டையை அதே அளவுக்குச் சீவி உள்ளே இறக்குங்கள். மண் நிறமும் பச்சையும் கலக்காமல் சுத்தமாக நிற்கும். இரண்டையும் பாகாக ஊற்றினால் எல்லைக்கோடு குழம்பும். விக்கெட்டுக்கு வேபர் பிஸ்கட் குத்துகிறார்கள். மிஸ்ட் இறங்கும் மாலையில் அது அரை மணித்தியாலத்தில் தொய்ந்துவிடும். மெல்லிய கறுவாப் பட்டையை இரண்டு சென்ரிமீற்றராக உடைத்துக் குத்தினால் இரவு முழுக்க நிமிர்ந்து நிற்கும், வாசமும் ஏறும். அசல் விகிதப்படி விக்கெட் அரை சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருக்கவேண்டும். அளவைக் கெடுத்தால்தான் அது கண்ணில் படும்.

பந்துக்குப் பீற்றூட் வெளியே தேடவேண்டியதில்லை, நுவரெலியாத் தோட்டத்துச் சரக்கு. மெல்லிதாகத் துருவிய பீற்றூட் 300 கிராம், தேங்காய்ப்பூ 200, சீனி 200, நெய் இரண்டு மேசைக்கரண்டி, பால்மா 40 கிராம், தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் நான்கு. பீற்றூட்டின் சாறைப் பிழிந்து ஊற்றிவிடாதீர்கள், நிறமெல்லாம் அதில்தான். நெய்யில் பீற்றூட்டையும் தேசிக்காய்ச் சாறையும் சேர்த்து, மூடாமல் வதக்குங்கள். பீற்றூட்டின் சிவப்பு நீண்ட சூட்டில் பழுப்பாகும். புளிப்பு அதைக் கொஞ்சம் காப்பாற்றும். பச்சை வாசம் போகக் கால் மணித்தியாலம் பிடிக்கும், உயரத்தில் இன்னும் கொஞ்சம். அதன்பின் தேங்காய்ப்பூ, சீனி. சீனி விழுந்ததும் கலவை தண்ணீர் விடும். பயப்படாமல் சட்டியை விட்டுத் திரளும்வரை கிண்டி இறக்கி, ஏலக்காய்ப் பொடியும் பால்மாவும் தூவிப் பிசையுங்கள். பால்மாவைக் கொதிசூட்டில் கொட்டினால் கட்டி விழும்.

28 கிராம் வீதம் உருட்டினால் இருபது பந்து வரும். விட்டம் மூன்றரை சென்ரிமீற்றர், அசலில் ஏறக்குறைய பாதி. உருண்டை தட்டில் சப்பையாக அமர்ந்தால் ஈரம் கூட, இன்னொரு மேசைக்கரண்டி பால்மா சேருங்கள். அதற்கும் மேலே போனால் சிவப்பு இளஞ்சிவப்பாகிவிடும். அப்படி ஆனால் பகலிரவு டெஸ்ட் பந்து என்று சொல்லி, தையலைக் கறுப்புச் சொக்லேட்டில் போட்டுவிடலாம்.

தையலில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குவார்கள். ஐசிங் சீனியைப் பாலில் குழைத்துக் கோடு போட்டால், பத்து நிமிடத்தில் வெள்ளைக்கோடு ரோஸ் கோடாகும். பீற்றூட் நிறம் தண்ணீரில் கரைவது, ஐசிங்கின் ஈரம் அதை இழுத்துக்கொள்ளும். வெள்ளைச் சொக்லேட்டில் இருப்பது கொழுப்பு, அதில் நிறம் ஏறாது. 60 கிராம் சொக்லேட்டைச் சுடுதண்ணீருக்கு மேல் வைத்த உலர்ந்த கிண்ணத்தில் உருக்கி, ஒயில் பேப்பரைக் கூம்பாகச் சுற்றி நுனியை ஊசியளவு வெட்டி வரையுங்கள். ஆவிச் சொட்டு ஒன்று விழுந்தாலும் சொக்லேட் திரைந்து கட்டியாகும். அசல் பந்தில் ஆறு வரித் தையல் உண்டு. இந்த அளவுக்கு இரண்டு வரியும் இடையிடையே சின்னக் கீறல்களும் போதும். பிரிஜ் தேவையில்லை, மலைக்குளிரிலேயே இறுகிவிடும்.

பந்தின் மேல் எழுத ஆசைப்படுவோருக்கு ஒரு கணக்கு: மூன்றரை சென்ரிமீற்றரில் மூன்று இலக்கம்தான் தெளிவாக நிற்கும். கண்டி முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுக்கு இடம் இருக்கிறது, உலகக்கிண்ணம் வென்ற 1996க்கு இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் விளையாடுவது டெனிஸ் பந்தில், அதையும் தட்டில் வையுங்கள். வறுத்த ரவை 250 கிராம், பொடித்த சீனி 150, உருக்கிய நெய் 75, டின்பால் 100 மில்லிலீற்றர். பிசைந்து உருட்டி, மஞ்சளும் பச்சையும் ஒவ்வொரு சொட்டு பிசிறிய உலர்தேங்காய்த் துருவலில் புரட்டினால் அந்த மயிர் அப்படியே வரும். வளைந்த கோட்டுக்கு அதே வெள்ளைச் சொக்லேட். இங்கே நெய் சட்டென்று உறைவதால், பாதி உருட்டுவதற்குள் மாவு உதிரத் தொடங்கும். நெய்யைக் கூட்டாதீர்கள்; பாத்திரத்தைச் சுடுதண்ணீர்ச் சட்டிமேல் வைத்துக்கொண்டே உருட்டுங்கள். புரட்டாமல் விட்டு, கத்தியின் முதுகால் கோடு அழுத்தினால் கரப்பந்து. 1991 முதல் நாட்டின் தேசிய விளையாட்டு அதுதானே, கிரிக்கெட் இல்லாத நாளிலும் தட்டு உதவும்.

எதை எப்போது செய்வது? மில்க் டொபியும் தேங்காய் டொபியும் இரண்டு நாள் முன்பே செய்யலாம். பீற்றூட் பந்து முதல்நாள் மாலை. பச்சைத் தேங்காய் இருப்பதால் அதற்குமேல் தள்ளவேண்டாம். டொபி முழுதாக ஆறாமல் டின்னில் அடைத்தால் உள்ளே வியர்த்து ஒட்டிக்கொள்ளும். ஆறிய பின் திறந்து வைத்தாலோ, ஆனி ஆடி மழையில் காற்றின் ஈரத்தைச் சீனி உறிஞ்சி மேற்புறம் பிசுபிசுக்கும். அடுக்குக்கு ஒரு ஒயில் பேப்பர் போட்டு இறுக்கமாக மூடுங்கள். தட்டை ஆட்டம் தொடங்கக் கால் மணித்தியாலம் இருக்கும்போது வெளியே எடுத்தால் போதும்.

ஆளுக்கு ஒரு துடுப்பு, ஒரு பந்து என்று கணக்கு வையுங்கள், கூடினால் திகட்டும். பக்கத்தில் சீனி போடாத பிளேன்ரீயும் ஒரு கிண்ணம் உறைப்புக் கடலையும் இருக்கட்டும்.