ப்ராக்ஸ்மார்க் போர்டை நாமளே கட்டணும்னா முதல்ல பார்ட்ஸ் லிஸ்ட்டைப் படிங்க

ஆர்எஃப்ஐடி, அதாவது தொடாமலே ரேடியோ அலைல படிக்கற கார்டு, டேக் சம்பந்தப்பட்ட ஹார்டுவேர் நாமளே கட்டலாமான்னு கேக்கறவங்க எல்லாரும் முதல்ல ஸ்கீமேட்டிக்கை, அதாவது சர்க்யூட் வரைபடத்தைத்தான் தேடறாங்க. ஸ்கீமேட்டிக் கிடைக்கறது கஷ்டமே இல்ல, ரெண்டு மூணு நாள் உக்காந்து பார்த்தா புரிஞ்சும் போயிடும். வாரக்கணக்குல நேரம் வாங்கறது பார்ட்ஸ் லிஸ்ட்தான். அதுல இருக்கற ஒவ்வொரு வரியும் ஏன் அங்க இருக்கு, அது கிடைக்கலன்னா வேற என்ன போடலாம், எதை மாத்தவே கூடாதுன்னு தெரிஞ்சா போர்டு பாதி கட்டின மாதிரின்னு எனக்குத் தோணுது. ஓப்பன் டிசைனோட முழு பலனும் அங்கதான் தெரியும், ஏன்னா மூடின டிசைன்ல ஒரு பார்ட் மார்க்கெட்ல இல்லாம போனா கதை முடிஞ்சுது, திறந்த டிசைன்ல அந்த பார்ட் என்ன வேலை பண்ணுதுன்னு பார்த்து நாமளே வேற வழி கண்டுபிடிச்சுக்கலாம்.

நான் பேசப்போறது ப்ராக்ஸ்மார்க் 3 பத்தி, இந்தக் கார்டுகளோட பேச்சைக் கேக்கற போர்டு அது. ஜொனாதன் வெஸ்தூஸ் டிசைன் பண்ணி ஜிபிஎல்ங்கற திறந்த லைசென்ஸ்ல வெளியிட்டது, 2007 வாக்குல. அதுக்கு முன்னாடியே ஓப்பன்பிசிடி மாதிரி ப்ராஜெக்ட் இருந்துச்சு, ஆனா அதுல ரீடர் வேலைய ரெடிமேட் ரீடர் சிப் பார்த்துக்கும். ப்ராக்ஸ்மார்க்ல அப்படி ஒரு சிப்பே கிடையாது. ஆன்டெனாவுல வர்ற சிக்னல் பீக் டிடெக்டர் (அலையோட உச்சத்தைப் பிடிக்கறது) தாண்டி 8 பிட் ஏடிசிக்கு (அலையை நம்பரா மாத்தற சிப்) போகும், அங்கேர்ந்து எஃப்பிஜிஏ (உள் சர்க்யூட்டை நாமளே அமைச்சுக்கற சிப்), அங்கேர்ந்து ஆர்ம் மைக்ரோகன்ட்ரோலர், அப்புறம் யுஎஸ்பி வழியா கம்ப்யூட்டர். அதாவது கார்டு பேசறதை யாரோ மொழிபெயர்த்துக் கொடுக்காம அலையாவே நம்ம கைல கொடுத்துடும். பிஎன்532ங்கற ரீடர் சிப் வச்ச மாடியூல் ஒண்ணு வாங்கி லிப்என்எஃப்சி சாஃப்ட்வேர் போட்டாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டுகளைப் படிக்கலாம், எழுதலாம், முதல் தடவை கை வைக்கறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனா அந்த சிப் தனக்குத் தெரிஞ்ச ப்ரோட்டோகால் மட்டும்தான் பேசும், 125 கிலோஹெர்ட்ஸ் பக்கமே வராது. கார்டு போலவே நடிக்கணும்னா கமீலியன் மினி இருக்கு, ஜெர்மனில போஹும்ங்கற ஊர்ல இருக்கற ரூர் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது, அதுவும் நல்ல ப்ராஜெக்ட். எனக்கு அலையைப் பார்க்கணும், அதனால ப்ராக்ஸ்மார்க்.

சரி, பார்ட்ஸ். ரெண்டு பெரிய சிப்தான் தலைவலி. முதல்ல எஃப்பிஜிஏ, சைலின்க்ஸ் ஸ்பார்டன்-2 குடும்பம், எக்ஸ்சி2எஸ்30, 100 கால் வச்ச விக்யூ பேக்கேஜ். ரொம்பப் பழைய குடும்பம் இது. இதுக்கு நாமளே பிட்ஸ்ட்ரீம் (எஃப்பிஜிஏக்குள்ள ஏத்தற சர்க்யூட் ஃபைல்) கம்பைல் பண்ணணும்னா சைலின்க்ஸோட ஐஎஸ்இ சாஃப்ட்வேர்ல 10.1 தான் கடைசியா சப்போர்ட் பண்ணின வெர்ஷன், அதுக்கப்புறம் வந்த எதுவும் இந்தச் சிப்பைக் கண்டுக்காது. (கம்பைல் பண்ற பக்கம் போகாம ரெடியா இருக்கற பிட்ஸ்ட்ரீமை யூஸ் பண்ணினா இந்தத் தொல்லை இல்ல, ஆனா நான் வெரிலாக், அதாவது அந்த சர்க்யூட்டை எழுதற மொழில இருக்கற கோடை மாத்திப் பார்க்கற ஆசைலதான் இதுல இறங்கினேன்.) இவ்வளவு பழைய சிப் புதுசா கிடைக்கும்னு யாராவது சொன்னா ஒரு தடவை நிதானமா பார்க்கணும். பழைய போர்டுல இருந்து கழட்டி, காலை நிமித்தி, மேல புதுசா பேர் அச்சடிச்சு விக்கறது எல்லா நாட்டுலயும் நடக்கற வியாபாரம். பூதக்கண்ணாடில காலைப் பாருங்க, அடிப்பக்கம் பழைய ஈயம் ஒட்டியிருக்கா, நுனி எல்லாம் ஒரே மட்டத்துல இருக்கா. மேல் எழுத்தை அசிட்டோன் தொட்ட பஞ்சால லேசா துடைங்க, எழுத்து கலைஞ்சாலோ அடில வேற நிறம் தெரிஞ்சாலோ அது மறு அச்சு. ஒரே பட்டைல சுத்தி வந்த சிப்புல டேட் கோட் (தயாரிச்ச தேதிக் குறி) ஆளுக்கொண்ணா இருந்தாலும் சந்தேகப்படணும். கழட்டின சிப்னாலே வேலை செய்யாதுன்னு சொல்ல வரல, பல சிப் நல்லாவே ஓடும், ஆனா கழட்டினதுன்னு தெரிஞ்சு வாங்கறது வேற, புதுசுன்னு நம்பி வாங்கறது வேற.

இன்னொண்ணு ஆர்ம் சிப், ஏடி91எஸ்ஏஎம்7எஸ் வரிசை, 64 கால். இதுல 256, 512 ரெண்டும் ஒரே கால் அமைப்பு, போர்டு மாத்த வேண்டாம். கிடைச்சா 512 வாங்குங்க, ஏன்னா சிப்புல ஓடற ஃபர்ம்வேர் இப்போ வளர்ந்துடுச்சு, 256 கேபி ஃப்ளாஷ்ல அடைக்கணும்னா சில வசதிகளைத் தூக்கிட்டுத்தான் கம்பைல் பண்ணணும். நல்ல விஷயம் என்னன்னா இந்தச் சிப் பொய் சொல்லாது, உள்ளயே ஐடி ரெஜிஸ்டர் இருக்கு, போர்டு உயிர் வந்ததும் கம்ப்யூட்டர்ல ஓடற கிளையன்ட் ப்ரோக்ராம்ல வெர்ஷன் கமாண்ட் கொடுத்தா எந்த மாடல், எவ்வளவு ஃப்ளாஷ்னு அதுவே சொல்லிடும். மேல என்ன அச்சடிச்சிருந்தாலும் கவலை இல்ல.

இந்த ரெண்டையும் தேடறதுல காட்டற அக்கறைய மக்கள் கெப்பாசிட்டர்ல காட்டறதில்ல, அங்கதான் எனக்கு ஆதங்கம். பவர் லைன்ல போடற டிகப்ளிங் கெப்பாசிட்டர் (வோல்டேஜ் ஆடாம பிடிக்கறது) எக்ஸ்7ஆர் வகை போதும். ஆன்டெனாவோட சேர்ந்து ரெசனன்ஸ் ஆகற கெப்பாசிட்டர் மட்டும் கட்டாயம் சி0ஜி, சில டேட்டாஷீட்ல என்பி0ன்னு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். சி0ஜி டெம்பரேச்சருக்கு ஒரு டிகிரிக்கு 30 பிபிஎம்க்குள்ளதான் மாறும், வோல்டேஜ் ஏறினாலும் மதிப்பு அசையாது. எக்ஸ்7ஆர் போட்டா போர்டு சூடானதும் ட்யூனிங் நகரும், வோல்டேஜ் ஏறினா மதிப்பு இறங்கும். அப்புறம் வோல்டேஜ் ரேட்டிங். போர்டு 5 வோல்ட்ல ஓடுது, 16 வோல்ட் கெப்பாசிட்டர் போதாதான்னு தோணும். போதாது, ரெசனன்ஸ் ஆகற காயில்ல வோல்டேஜ் பெருகும், லோ ஃப்ரீக்வென்சி (125 கிலோஹெர்ட்ஸ் பக்கம்) ஆன்டெனாவுல பல பத்து வோல்ட் சர்வசாதாரணமா வரும். குறைஞ்சது 100 வோல்ட் ரேட்டிங் எடுங்க, அதுக்கு மேல இருந்தா இன்னும் நிம்மதி.

பிசிபி செய்யக் கொடுக்கறது இப்போ ஈஸி, போர்டை அச்செடுக்கற கெர்பர் ஃபைல் அனுப்பினா போர்டு வந்துடும். அதோட ஒண்ணு கவனிங்க, கெர்பர் மட்டும் கொடுத்துட்டு ஓப்பன் சோர்ஸ்னு போட்டிருக்கற ப்ராஜெக்ட் பல இருக்கு. கெர்பரை வச்சு அச்செடுக்கலாம், திருத்த முடியாது. எடிட் பண்ணக்கூடிய டிசைன் ஃபைல், முழுப் பார்ட் நம்பரோட லிஸ்ட், லைசென்ஸ், மூணும் இருந்தாத்தான் நான் அதை ஓப்பன்னு எடுத்துக்கறேன்.

சால்டரிங் பத்தி சுருக்கமா சொல்றேன். ரெண்டு சிப்புக்கும் கால் இடைவெளி 0.5 மில்லிமீட்டர், கையாலயே ஒட்டலாம், பயப்பட ஒண்ணும் இல்ல. ஃப்ளக்ஸ் தாராளமா போடுங்க, மூலைல ரெண்டு காலை ஒட்டி சிப் நேரா இருக்கான்னு நாலு பக்கமும் பாருங்க, அப்புறம் டிப்பை இழுத்துக்கிட்டே போனா போதும், பிரிட்ஜ் ஆன இடத்தை செம்பு வலைல உறிஞ்சிடலாம். முக்கியமானது வரிசை. ரெகுலேட்டர் எல்லாம் முதல்ல ஒட்டி, கரண்ட் லிமிட் வச்ச சப்ளைல கொடுத்து 3.3 வோல்ட்டும் எஃப்பிஜிஏ கோருக்கான 2.5 வோல்ட்டும் சரியா வருதான்னு மீட்டர்ல பார்த்துட்டு அப்புறம்தான் சிப்பைத் தொடணும். தேடி அலைஞ்சு வாங்கின சிப்பை தப்பான வோல்டேஜ்ல கொண்டுபோய் வைக்கற நிலைமை யாருக்கும் வர வேணாம்.

புது ஆர்ம் சிப் காலியா இருக்கும், அதுக்கு முதல் பூட்லோடரை (மத்த ப்ரோக்ராமை ஏத்தி விடற சின்ன ப்ரோக்ராம்) ஜேடேக், அதாவது சிப்போட நேரா பேசற இணைப்பு வழியா ஏத்தணும், ஓப்பன்ஓசிடி சாஃப்ட்வேர் நல்லா வேலை செய்யும். ஜேடேக் கேபிள் இல்லன்னா சிப்புக்குள்ளயே எஸ்ஏஎம்-பிஏங்கற பூட் ப்ரோக்ராம் இருக்கு, டிஎஸ்டி காலையும் பிஏ0, பிஏ1, பிஏ2 மூணு காலையும் ஹைல வச்சு 10 செகண்ட் பவர் கொடுத்தா அது எழுந்துக்கும். பூட்லோடர் ஒரு தடவை ஏறிட்டா அதுக்கப்புறம் எல்லாம் யுஎஸ்பிலயே, பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு கேபிள் சொருகினா ஃப்ளாஷ் மோடுக்குப் போயிடும். எஃப்பிஜிஏவுக்குத் தனியா ப்ரோக்ராம் பண்ண வேண்டாம், அது பவர் போனா எல்லாத்தையும் மறந்துடற வகை, ஆர்ம் சிப்தான் தன் ஃப்ளாஷ்ல சுருக்கி வச்சிருக்கற பிட்ஸ்ட்ரீமை எடுத்து அதுக்கு ஊட்டும். லோ ஃப்ரீக்வென்சிக்கு ஒண்ணு, ஹை ஃப்ரீக்வென்சிக்கு ஒண்ணுன்னு தனித்தனியா, ஏன்னா ரெண்டும் ஒண்ணா அந்தச் சின்ன எஃப்பிஜிஏல அடங்காது. லினக்ஸ்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: மோடம்மேனேஜர்ங்கற ப்ரோக்ராம் பின்னணில ஓடிட்டு இருந்தா அது இந்த போர்டை மோடம்னு நினைச்சு நடுவுல புகுந்து பேசும், ஃப்ளாஷ் பண்றப்போ அது ஆபத்து, முதல்லயே நிறுத்திடுங்க.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ஆன்டெனா. காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு ஃப்ரீக்வென்சில ஊஞ்சல் மாதிரி ஆடணும், அந்த ஃப்ரீக்வென்சி இண்டக்டன்ஸையும் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, 2 பை (π) ஆல பெருக்கி, அதால ஒண்ணை வகுத்தா வரும். உதாரணத்துக்கு 1 நானோஃபாரட் வச்சா 125 கிலோஹெர்ட்ஸுக்கு 1.62 மில்லிஹென்றி வேணும். எனாமல் கம்பி எடுத்து சுத்த வேண்டியதுதான். இண்டக்டன்ஸ் சுத்து எண்ணிக்கையோட வர்க்கத்துல ஏறும், அதனால சுத்துல பத்து சதவீதம் குறைச்சா இண்டக்டன்ஸ் கிட்டத்தட்ட 19 சதவீதம் இறங்கிடும். இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு வேணும்ங்கறதுக்கு மேல நாலஞ்சு சுத்து கூடவே சுத்தி, இண்டக்டன்ஸ் அளக்கற எல்சிஆர் மீட்டர்ல அளந்து, ஒவ்வொண்ணா பிரிச்சு இறக்கறதுதான் என் வழக்கம். சேர்க்கறதை விட பிரிக்கறது சுலபம். அளவு வந்ததும் டேப் போட்டு இறுக்கிக் கட்டிடுங்க, காயில் வடிவம் லேசா நெளிஞ்சாலே மதிப்பு மாறும்.

ஹை ஃப்ரீக்வென்சி பக்கம் கணக்கு ரொம்பக் கறார். 13.56 மெகாஹெர்ட்ஸ்ல 1 மைக்ரோஹென்றி காயிலுக்கு 138 பிகோஃபாரட்தான் வேணும். பக்கத்துல இருக்கற கம்பி, பெட்டி, கை இதெல்லாம் சேர்ந்து 5 பிகோஃபாரட் கூட்டிடுச்சுன்னு வைங்க, ட்யூனிங் சுமார் 240 கிலோஹெர்ட்ஸ் கீழ போயிடும். அதனால இங்க கம்பி சுத்தாம பிசிபி மேலயே ட்ரேஸா போடறது நல்லது, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும். நானோவிஎன்ஏங்கற சின்ன அளவிடற கருவி வச்சிருந்தா அதுல ஒரு சின்ன லூப் மாட்டி ஆன்டெனாகிட்ட கொண்டு போனா ரெசனன்ஸ் எங்க இருக்குன்னு பளிச்சுன்னு தெரியும். க்யூ ஃபேக்டரை (ரெசனன்ஸ் எவ்வளவு கூர்மைங்கற அளவு) ஏத்திக்கிட்டே போனா ரேஞ்ச் கூடும்னு ஒரு ஆசை வரும், அளவோட நிறுத்துங்க. கார்டு பதில் சொல்றது 847.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கற சப்கேரியர்ங்கற துணை அலைல, ரொம்பக் கூர்மையான ஆன்டெனா அந்தப் பதிலையே அமுக்கிடும். உலோக மேஜை மேலயும் லேப்டாப் மேலயும் வச்சு ட்யூன் பண்ணாதீங்க, அங்க வர்ற நம்பருக்கு அர்த்தமே இல்ல.

கிளையன்ட்ல ட்யூன் கமாண்ட் கொடுத்தா 125 கிலோஹெர்ட்ஸ்லயும் 134.83 கிலோஹெர்ட்ஸ்லயும் எத்தனை வோல்ட் வருது, உச்சம் எங்க இருக்குன்னு காட்டும். 134.83ன்னு ஏன் விசித்திரமான நம்பர்னா, எஃப்பிஜிஏ 12 மெகாஹெர்ட்ஸை முழு எண்ணால வகுத்துத்தான் ஃப்ரீக்வென்சி பண்ணுது. 96ஆல வகுத்தா அச்சா 125, 89ஆல வகுத்தா 134.83.

முதல் டெஸ்டுக்கு 125 கிலோஹெர்ட்ஸ்ல பேசற ஒரு ஈஎம்4100 டேக் எடுங்க. 64 பிட், அதுல முதல் 9 பிட்டும் 1, அப்புறம் 40 பிட் டேட்டா, நாலு நாலு பிட்டுக்கு ஒரு பேரிட்டி (சரிபார்க்கற பிட்), கடைசில நாலு நெடுக்குப் பேரிட்டி, முடிவுல ஒரு சைபர். பெரும்பாலான டேக்ல ஒரு பிட்டுக்கு 64 கேரியர் சைக்கிள், அப்போ முழுசா ஒரு தடவை சொல்லி முடிக்க 33 மில்லிசெகண்ட் ஆகும். சாம்பிளை எடுத்து கிராஃப் விண்டோவுல போட்டு, அந்த ஒன்பது ஒண்ணும் வரிசையா வர்ற இடத்தை நாமளே கண்ணால தேடிப் பிடிக்கணும். அலையைத் தானாவே பிட்டா மாத்தற டீமாடுலேட்டர் இருக்கு, ஆனா முதல் தடவை அதைத் தொடாதீங்க. நாம சுத்தின காயில்ல, நாம ஒட்டின சிப் வழியா வந்த அலைய நாமளே படிக்கறப்போ கிடைக்கற சந்தோஷத்தை வேற எந்த ஹாபிலயும் நான் பார்த்ததில்ல.

அப்படிப் படிச்சதும் இன்னொண்ணும் புரியும், அந்த டேக்ல ரகசியம்னு எதுவுமே இல்ல, கேக்கறவங்க எல்லாருக்கும் அதே நம்பரைச் சொல்லும். டி5577 மாதிரி எழுதக்கூடிய டேக் அந்த நம்பரை அப்படியே திரும்பச் சொல்லும். மைஃபேர் கிளாசிக் கார்டுல 48 பிட் சாவி வச்சு கிரிப்டோ-1ங்கற ரகசியக் குறியீட்டு முறை இருந்துச்சு, 2007 டிசம்பர்ல அதை அக்குவேறா பிரிச்சு பெர்லின் ஹேக்கர் மாநாட்டுல காமிச்சாங்க, 2008ல நெதர்லாந்து ராட்பவுட் பல்கலைக்கழக ஆளுங்க தங்களோட ஆராய்ச்சிய வெளியிடறதைத் தடுக்கச் சொல்லி அந்தக் கார்டு சிப்பைச் செய்யற என்எக்ஸ்பி கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு, கோர்ட் தடை கொடுக்கல. இந்த மாதிரி போர்டு எல்லார் கைலயும் இருக்கறதாலதான் இந்த ஓட்டை எல்லாம் வெளிச்சத்துக்கு வருதுன்னு நான் உறுதியா நம்பறேன். அதே உறுதியோட இதையும் சொல்றேன், உங்க சொந்தக் கார்டு, இல்ல எழுத்துல அனுமதி வாங்கின கார்டு, இதைத் தவிர வேற எதையும் இந்த ஆன்டெனா கிட்ட கொண்டு போகாதீங்க.

இப்போ என் மேஜைல இருக்கறது 134 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துக்கான காயில், செல்லப் பிராணிகளுக்குத் தோலுக்கடியில வைக்கற கண்ணாடி டேக் படிக்க. அந்த டேக்குள்ள ஃபெரைட் குச்சில காயில் சுத்தியிருக்கும், குச்சி நம்ம காயிலோட புலத்துக்கு நேர் திசைல இருந்தாத்தான் பதில் வரும், பெரிய தட்டையான ஆன்டெனாவுல பக்கவாட்டா படுக்க வச்சா ஊமையா இருக்கும். அதனால விட்டம் சின்னதா, டேக்கை உள்ள விடற மாதிரி சுத்தறேன். கெப்பாசிட்டரை மாத்தாம அதே 1 நானோஃபாரட்லயே 134.83க்கு வரணும்னா 1.39 மில்லிஹென்றி போதும், அதாவது மொத்த சுத்துல 93 சதவீதத்துல நடுவுல ஒரு கிளை இணைப்பு எடுத்து ஸ்விட்ச் வச்சா ரெண்டு ஃப்ரீக்வென்சியும் ஒரே காயில்ல முடிஞ்சிடும். இணைப்பு எடுக்கற இடத்துல எனாமலைச் சுரண்டி ஒட்டறப்போ பக்கத்துச் சுத்தோட ஷார்ட் ஆகாம இருக்க சூடு தாங்கற காப்டன் டேப் ஒரு துண்டு நடுவுல வைக்கணும், அந்த டேப் கைக்கு வந்ததும் மீதி சுத்தையும் முடிச்சுடுவேன்.