பெண் வீட்டாராக மூன்று நாட்கள்

11 ஆண்டுகளுக்கு முன் காரைக்கால் பாரதியார் சாலையில் என் மாமியாரின் முந்தானையில் வந்து விழுந்த ஒரு மாம்பழத்தின் கடனை, ஆனி மாதப் பௌர்ணமியில் நடந்த மாங்கனித் திருவிழாவில்தான் நாங்கள் தீர்த்தோம். குழந்தை பிறந்தால் அதன் கையாலேயே மாங்கனி இறைக்கச் செய்வதாக அவர் அன்று வேண்டிக்கொண்டிருந்தார். மகள் பிறந்து நான்காம் வகுப்பை முடிக்கும் வரையில் ஏதேனும் ஒரு காரணத்தால் பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

மயிலாடுதுறையிலிருந்து நாங்கள் ஏறிய பேருந்தில் பலர் திருநள்ளாற்றுக்குச் செல்பவர்கள். சனீஸ்வரரைத் தேடி அத்தனை தொலைவு வருபவர்களில் எத்தனை பேர் இன்னும் 5 கிலோமீட்டர் வந்து காரைக்கால் அம்மையாரைப் பார்க்கிறார்கள் என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு. கயிலாசநாதர் கோயிலை ஒட்டி இருக்கும் அம்மையார் கோயில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1929-ஆம் ஆண்டில் எழுந்தது.

இந்தத் திருவிழாவுக்கு மேடை கிடையாது, வேடம் கட்டிய நடிகர்களும் கிடையாது. சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடிய அம்மையாரின் வரலாறு, உற்சவத் திருமேனிகளைக் கொண்டு ஊரின் வீதிகளிலேயே அடுத்தடுத்து நிகழ்த்தப்படுகிறது. உறவினர், விருந்தினர், வேடிக்கை பார்ப்பவர் ஆகிய எஞ்சிய பாத்திரங்கள் அனைத்தும் கூடி நிற்கும் மக்களுடையவை. முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பில், அம்மையாரை மணந்த பரமதத்தர் ஊர்வலமாக வந்தபோது நாங்கள் ஓரமாக நின்று பார்த்தவர்கள் மட்டுமே. மறுநாள் காலைத் திருக்கல்யாணத்தில், சீர்வரிசைத் தட்டுகளுடன் சென்ற பெண்களில் ஒருவர், "பொண்ணு வீட்டுக்காரங்க ஏன் அங்க நிக்கிறீங்க, முன்னால வாங்க" என்று அழைத்து மாமியாரின் கையில் ஒரு பூத்தட்டைக் கொடுத்துவிட்டார். அந்த நொடியிலிருந்து அவர், பின்னாளில் அம்மையாரான புனிதவதியாருக்குச் சித்தியோ அத்தையோ ஆகிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். மாப்பிள்ளை நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் என்பதையும், ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தனதத்தன் மருமகனைக் காரைக்காலிலேயே மாளிகை அமைத்துக் குடியிருத்தினான் என்பதையும் மகளுக்குச் சொன்னபோது, "அப்போ வீட்டோட மாப்பிள்ளையா?" என்று அவள் தன் தந்தையைப் பார்த்துக் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்தான் ஊரே மாம்பழ மணமாக இருந்தது. கடையிலிருந்த பரமதத்தனிடம் வந்தவர்கள் கொடுத்த இரண்டு மாங்கனிகளை அவன் வீட்டுக்கு அனுப்பியதும், பசியோடு வந்த சிவனடியார் ஒருவருக்குப் புனிதவதியார் சோற்றுடன் ஒரு கனியை இட்டதும் தமிழர் அறிந்த கதைதான். சேக்கிழார் வந்தவரை அடியார் என்றே சொல்கிறார். காரைக்கால் மக்கள் அந்த அடியாரின் இடத்தில் இறைவனையே பிச்சாண்டவராக எழுந்தருளச் செய்து, பவழக்கால் சப்பரத்தில் வீதி வீதியாக அழைத்து வருகிறார்கள். புராணத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றாத ஒரு பொருளை, சோறு கேட்டு வருபவன் யாராகவும் இருக்கலாம் என்பதை, அந்தச் சப்பரம் சொல்லிக்கொண்டு போயிற்று.

தெரிந்தவர் ஒருவர் தம் வீட்டு மாடியில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார். கூடையில் 51 பழங்கள் இருந்தன. பிச்சாண்டவர் கடந்தவுடன், இரு பக்க மாடிகளிலிருந்தும் மாங்கனிகள் மழையாக இறங்கத் தொடங்கின. கீழே வேட்டியையும் துப்பட்டாவையும் முந்தானையையும் விரித்துப் பிடித்தபடி கூட்டம் அலைமோதியது. மகள் உற்சாகத்தில் முதல் நான்கைந்து பழங்களை வீசியெறிந்தாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "வீசாதடி கண்ணு, முந்தானை ஏந்தி நிக்கிறவங்களப் பார்த்துப் போடு" என்றார். பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்கள் அங்கே யார் யார் என்று அவருக்கு மட்டும் எப்படியோ தெரிந்தது; ஒவ்வொருவராக அவர் விரல் நீட்டிக் காட்ட, மகள் அளவாகக் குனிந்து போட்டாள். இதற்கிடையில் பழம் பிடிக்கிறேன் என்று கீழே இறங்கிய என் கணவரின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பழம் நேராக வந்து மோதி, ஒரு பக்கக் கண்ணாடியைச் சுக்கலாக்கிவிட்டது. படியேறி வந்தவரிடம் அவருடைய தாயார் கேட்ட முதல் கேள்வி, "பழம் கெடைச்சுதா?" என்பதுதான்.

மாலையில் அம்மையார் கோயிலில் பிச்சாண்டவருக்கு அமுது படைத்தல் நடந்தது. அதன் பிறகு, பழங்களை மடியில் கட்டிக்கொண்டு கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்துவிட்டது. எனக்கு இதில் சற்று வருத்தம்தான், ஏனெனில் புனிதவதியார் அம்மையார் ஆகும் கதை அந்த நேரத்துக்குப் பிறகே தொடங்குகிறது. அடியாருக்கு இட்ட கனியின் இடத்தில் இறைவன் அருளால் வந்த கனியின் சுவை வேறாக இருக்கக் கண்டு, மீண்டும் ஒன்றை வரவழைக்கச் சொன்ன பரமதத்தன், அது தன் கையில் வந்து மறைந்ததும் மனைவியைத் தெய்வமென்று அஞ்சிக் கப்பலேறிப் போய்விடுகிறான். சித்தி விநாயகர் கோயிலே அன்றிரவு அவன் குடியேறிய பாண்டிய நாடாகிறது. பரமதத்தரின் இரண்டாம் திருமணம் அங்கே நடக்கிறது. முந்தைய நாள் காலையில் சீர் சுமந்த பெண் வீட்டார் இந்தக் கல்யாணத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நாங்கள் வாசலோரமாகவே நின்றோம்.

"அவங்க என்ன தப்பு செஞ்சாங்க பாட்டி?" என்று மகள் கேட்டாள்.

"தப்பு செஞ்சதுக்கா போனாரு? பயந்து போனாரு" என்றார் மாமியார். பரமதத்தன் தன் மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டதையும், பல்லக்கில் வந்து சேர்ந்த அம்மையாரின் காலில் மனைவி மகளோடு விழுந்ததையும் சொன்ன பிறகும் அவளுக்கு ஆறவில்லை.

கணவன் வணங்கிவிட்ட பின், அவனுக்காகத் தாங்கிய உடல் எதற்கு என்று தசையை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற அம்மையாரின் பயணம், விடிவதற்கு முந்தைய இருளில் நடந்தது. தெருவிளக்குகள் அணைக்கப்பட்டுத் தீப்பந்தங்கள் மட்டும் எரிந்தன. தலையால் நடந்து கயிலை ஏறியவரை இறைவன் "அம்மையே" என்று அழைத்த அந்தக் காட்சிக்காகச் சில நூறு பேர் பேச்சில்லாமல் நின்றிருந்தோம். உடைந்த கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்திருந்த என் கணவர், புகைக்கும் பந்தங்களின் நடுவே ஒன்றும் புலப்படாமல், "அம்மை எங்க?" என்று மெல்லக் கேட்டார். மகள் அவருடைய தலையை இரு கைகளாலும் பிடித்து, அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.